ஸ்னோஃப்ளேக் அக்கவுண்ட் செட்டப்: சைன்-அப் ஃபார்ம் கேட்கிற கேள்விகளும் கேட்காத கேள்விகளும்

இது எபிசோடோட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.

எஸ்க்யூஎல் எபிசோடுகளுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்: "செலக்ட், ஜாயின், குரூப் பை எல்லாம் வருது. ஆனா கம்பெனிகள்ல பயன்படுத்துற கிளவுட் டேட்டா பிளாட்ஃபார்ம்ல எப்படிப் பழகுறது?" கேட்டவங்கள்ல ஃபைனல் இயர் படிக்கிறவங்க இருக்காங்க. சின்ன ஸ்டார்ட்அப்ல சேர்ந்த முதல் மாசமே, "நீயே ஒரு அக்கவுண்ட் திறந்து செட்டப் பண்ணிடு"ன்னு மேனேஜர் சொல்லிட்டுப் போனவங்களும் இருக்காங்க.

ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இன்னைக்கு எபிசோட். நான் எடுத்துக்கிட்டது ஸ்னோஃப்ளேக். 2012-ல ஆரம்பிச்ச கம்பெனி. டேட்டாவை கிளவுட்ல வெச்சு, எஸ்க்யூஎல்ல கேள்வி கேட்டுப் பதில் வாங்குற பிளாட்ஃபார்ம். டேட்டாபிரிக்ஸ், பிக்குவெரி பக்கம் போறவங்களும் கேளுங்க. மெனு பேரு மாறும், ஆனா யோசிக்க வேண்டிய விஷயங்கள் ஒண்ணுதான்.

சைன்-அப் பண்ண பத்து நிமிஷம் போதும். டிரையல் 30 நாள், 400 டாலர் கிரெடிட், கார்டு நம்பர் கேட்க மாட்டாங்க. அந்த ஃபார்ம் சில கேள்வி கேட்கும், நாமளும் டக்கு டக்குன்னு கிளிக் பண்ணிட்டுப் போயிடுவோம். ஆனா மூணு முக்கியமான கேள்வியை அது கேட்கவே கேட்காது. சாவி யார்கிட்ட இருக்கு? மீட்டர் எப்ப நிக்கும்? எந்த அதிகாரத்துல உட்கார்ந்து வேலை பார்க்கப் போறீங்க? நீங்க பதில் சொல்லலைன்னா அந்த இடம் காலியா இருக்காது. டீஃபால்ட் பதில் சொல்லிடும். அந்தப் பதில் உங்களுக்கு சாதகமா இருக்கணும்னு அவசியம் இல்ல.

முதல்ல ஒரு படம்: குடோனும் மில்லும்

ஸ்னோஃப்ளேக்ல எல்லாரும் குழம்புற வார்த்தை "வேர்ஹவுஸ்". பேரைக் கேட்டா குடோன்னு தோணும், டேட்டா அதுக்குள்ள இருக்கும்னு நினைப்போம். அப்படி இல்ல. அங்க வேர்ஹவுஸ்ங்கிறது கம்ப்யூட், அதாவது குவெரியை ஓட்டுற மெஷின்.

ஒரு அரிசி மில்லை நினைச்சுக்கோங்க. மூட்டைகள் குடோன்ல இருக்கு, அதுக்கு மாச வாடகை. மில்லு தனி. அது ஓடுற நேரத்துக்கு மட்டும் கரண்ட் பில். குடோன் வாடகை கம்மி, மில்லு கரண்ட் ஜாஸ்தி. ஸ்னோஃப்ளேக்ல குடோன்தான் ஸ்டோரேஜ், மில்லுதான் வேர்ஹவுஸ். ஒரே குடோனுக்கு நாலு மில்லு வெச்சுக்கலாம். ஃபைனான்ஸ் டீமுக்கு ஒண்ணு, ரிப்போர்ட்டுக்கு ஒண்ணு. ஒருத்தர் மில்லு ஓடுறதால இன்னொருத்தர் மில்லு ஸ்லோ ஆகாது.

இந்தப் பிரிவுதான் இந்தத் தலைமுறை பிளாட்ஃபார்ம்களோட அடிப்படை ஐடியா. பில் எகிறினா முதல்ல பார்க்க வேண்டிய இடமும் மில்லுதான்.

ஃபார்ம் கேட்கிறது: எடிஷன், கிளவுட், ரீஜியன்

எடிஷன்ல ஸ்டாண்டர்ட், என்டர்பிரைஸ், பிசினஸ் கிரிட்டிக்கல் இருக்கும். பழகுறதுக்கு எதுவும் ஓகே. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க. தப்பா அழிச்ச டேபிளைத் திரும்ப எடுக்குற டைம் டிராவல் வசதி, ஸ்டாண்டர்ட்ல 1 நாள் வரைக்கும், என்டர்பிரைஸ்ல 90 நாள் வரைக்கும் வெச்சுக்கலாம். எடிஷனைப் பின்னாடி மாத்திக்கலாம், அதனால ரொம்ப யோசிக்க வேண்டாம்.

கிளவுட்ல ஏடபிள்யூஎஸ், அஷ்யூர், கூகுள் கிளவுட் மூணு சாய்ஸ். உங்க கம்பெனி டேட்டா ஏற்கெனவே எங்க இருக்கோ அதையே எடுங்க. ஒரு கிளவுட்லேர்ந்து இன்னொண்ணுக்கு டேட்டாவை நகர்த்துனா, வெளிய அனுப்புறதுக்குத் தனி சார்ஜ் வரும்.

ரீஜியன்ல நிதானமா நில்லுங்க. திறந்த அக்கவுண்டோட ரீஜியனை அப்படியே மாத்த முடியாது. வேற ரீஜியன் வேணும்னா புது அக்கவுண்ட் திறந்து, எல்லாத்தையும் அங்க கொண்டு போகணும். இந்தியாவுல ஏடபிள்யூஎஸ் மும்பையும், அஷ்யூர் சென்ட்ரல் இந்தியாவும் இருக்கு. ரெண்டாவது புனே. பழகுறவங்களுக்கு எந்த ஊரா இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா நீங்க ஃபின்டெக்ல இருக்கீங்கன்னா, 2018 ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இருக்கு: பேமென்ட் சிஸ்டம் டேட்டா இந்தியாவுக்குள்ளதான் சேமிக்கப்படணும். டிராப்-டவுன்ல மேல இருக்கேன்னு அமெரிக்க ரீஜியனை கிளிக் பண்ணி, நிஜ பேமென்ட் டேட்டாவை ஏத்திட்டா அது டெக்னிக்கல் பிரச்சினையோட நிக்காது, சட்டப் பிரச்சினை ஆயிடும். உங்க கம்பெனில கம்ப்ளயன்ஸ் பார்க்கிறவங்க இருந்தா, கிளிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கேட்காத கேள்வி 1: சாவி யார்கிட்ட?

ஆக்டிவேஷன் மெயில் வரும். யூசர்நேம், பாஸ்வேர்டு வெச்சு உள்ள போவீங்க. அந்த நொடியில உங்களுக்கு அக்கவுண்ட்அட்மின்ங்கிற ரோல் கிடைச்சிருக்கும். வீட்டோட மொத்த சாவிக்கொத்து அது. பில், யூசர், டேட்டா எல்லாத்துக்கும்.

இது ஏன் பெரிய விஷயம்னு புரிய 2024-ல நடந்ததைப் பார்க்கணும். அந்த வருஷம் ஸ்னோஃப்ளேக் பயன்படுத்தின பல கம்பெனிகளோட டேட்டா திருடு போச்சு. டிக்கெட்மாஸ்டர் அதுல ஒண்ணு. அமெரிக்க டெலிகாம் கம்பெனி ஏடி அண்ட் டி இன்னொண்ணு. 2022 மே முதல் அக்டோபர் வரைக்கும், அவங்களோட கிட்டத்தட்ட எல்லா மொபைல் கஸ்டமர்களும் யாருக்கு போன் பண்ணாங்க, யாருக்கு மெசேஜ் அனுப்பினாங்கங்கிற பதிவுகள் போச்சு. பேசின பேச்சு இல்ல, யார் யார்கூடங்கிற பதிவு. கூகுளுக்குச் சொந்தமான மேண்டியன்ட் விசாரிச்சுச்சு. பாதிக்கப்பட்டிருக்கலாம்னு சுமார் 165 நிறுவனங்களுக்குத் தகவல் போச்சு.

எப்படி உள்ள வந்தாங்க? ஸ்னோஃப்ளேக்கோட சொந்த சிஸ்டத்தை உடைச்சதுக்கு ஆதாரம் இல்லைன்னு மேண்டியன்ட் சொல்லுச்சு. வந்தவங்க உண்மையான யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு, முன்வாசல் வழியாத்தான் வந்தாங்க. கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து பாஸ்வேர்டைத் திருடுற இன்ஃபோஸ்டீலர் மால்வேர் மூலமா அந்த பாஸ்வேர்டுகள் முன்னாடியே வெளிய போயிருந்துச்சு. சில பாஸ்வேர்டு 2020-லயே திருடு போனது, ஆனா நாலு வருஷம் கழிச்சும் வேலை செஞ்சுது! சில இடங்கள்ல மால்வேர் இருந்தது கான்ட்ராக்டர்களோட லேப்டாப்ல. அதே லேப்டாப்ல கேம் விளையாடுறது, பைரேட்டட் சாஃப்ட்வேர் டவுன்லோடு பண்றதுன்னு எல்லாம் நடந்திருக்கு. சிரிக்காதீங்க, நம்மள்ல நிறைய பேர் லேப்டாப் கதை அதுதான்.

உடைபட்ட அக்கவுண்டுகள்ல பொதுவா மூணு விஷயம் இருந்துச்சு. எம்எஃப்ஏ, அதாவது ரெண்டாவது கட்ட சரிபார்ப்பு, போடலை. பாஸ்வேர்டு வருஷக்கணக்கா மாத்தலை. எந்த நெட்வொர்க்லேர்ந்து வேணும்னாலும் லாகின் பண்ணலாம்னு திறந்து கிடந்துச்சு. மூணுமே செட்டப் அன்னைக்கு எடுத்திருக்க வேண்டிய முடிவு.

அதுக்கப்புறம் 2024 அக்டோபர்லேர்ந்து திறக்கிற புது அக்கவுண்டுகள்ல, மனுஷங்க லாகினுக்கு எம்எஃப்ஏ டீஃபால்ட்டாவே வர ஆரம்பிச்சுது. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளாம முதல் லாகின்லயே போட்டு முடிச்சுடுங்க. போன்ல ஆதன்டிகேட்டர் ஆப் ஒண்ணு, முடிஞ்சா லேப்டாப்ல பாஸ்கீ ஒண்ணு. போன் தொலைஞ்சா இன்னொண்ணு காப்பாத்தும்.

கம்பெனிக்காகத் திறக்கிறீங்கன்னா இன்னும் ரெண்டு வேலை. உங்க பெர்சனல் மெயில்ல திறக்காதீங்க. நீங்க வேலை மாறிட்டா சாவியும் உங்ககூடப் போயிடும், அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். அக்கவுண்ட்அட்மின் ரோலை இன்னொருத்தருக்கும் குடுத்து வைங்க. ஒருத்தர் லாக் ஆயிட்டா மத்தவர் திறந்துவிடலாம்.

பைத்தான் ஸ்கிரிப்ட், டேஷ்போர்டு மாதிரி மெஷின் லாகினுக்கு உங்க யூசர்நேமைக் குடுக்காதீங்க. அதுக்குன்னு சர்வீஸ்ங்கிற யூசர் வகை இருக்கு. அதுக்கு பாஸ்வேர்டே கிடையாது, கீ-பேர் மாதிரி வேற வழியிலதான் உள்ள வரும். திருடுறதுக்கு பாஸ்வேர்டே இல்லைங்கிறதுதான் அதோட அழகு.

கேட்காத கேள்வி 2: மீட்டர் எப்ப நிக்கும்?

இப்ப மில்லுக்கு வருவோம். ஸ்டாண்டர்ட் வேர்ஹவுஸ்ல எக்ஸ்-ஸ்மால் ஒரு மணி நேரம் ஓடினா 1 கிரெடிட். ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 8, எக்ஸ்-லார்ஜ் 16. ஒவ்வொரு படிக்கும் டபுள். இது முதல் தலைமுறை வேர்ஹவுஸ் கணக்கு, ஜென் 2-ல ரேட் இதைவிட அதிகம். ஒரு கிரெடிட்டோட விலை எடிஷனுக்கும் ஊருக்கும் மாறும். கணக்குக்காக, அமெரிக்க ரீஜியன்ல என்டர்பிரைஸ் விலையான 3 டாலர்னு வெச்சுக்கலாம்.

எக்ஸ்-ஸ்மால் ஒண்ணு நிக்காம ஓடினா ஒரு நாளைக்கு 24 கிரெடிட், 72 டாலர். 400 டாலர் டிரையல் அஞ்சரை நாள்ல காலி. லார்ஜ் போட்டு விட்டுட்டா மணிக்கு 24 டாலர், 17 மணி நேரத்துக்குள்ள காலி. அதே எக்ஸ்-ஸ்மால் தினமும் ஒரு மணி நேரம் மட்டும் ஓடினா, 30 நாளைக்கும் சேர்த்து 90 டாலர். வித்தியாசம் முழுக்க மில்லு எப்ப நிக்குதுங்கிறதுல இருக்கு. கம்பெனி அக்கவுண்ட்ல 400 டாலர் வேலி கிடையாது, பில்லு நேரா கார்டுக்குப் போகும்.

அதனால வேர்ஹவுஸ் உருவாக்கும்போது நாலு விஷயத்தை நீங்களே எழுதுங்க.

முதல்ல, ஆட்டோ சஸ்பெண்ட். வேலை இல்லாம சும்மா இருந்தா எத்தனை விநாடில தானா அணையணும்ங்கிறது. எஸ்க்யூஎல்ல ஒண்ணும் சொல்லாம உருவாக்கினா 600 விநாடி, அதாவது பத்து நிமிஷம். ஒரு சின்ன குவெரி மூணு விநாடி ஓடும், அப்புறம் பத்து நிமிஷம் சும்மா ஓடும். 60-னு வைங்க. அதுக்கும் கீழ போக வேண்டியதில்ல, ஏன்னா ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் குறைஞ்சது 60 விநாடிக்கு காசு எடுப்பாங்க, அதுக்கப்புறம்தான் விநாடிக் கணக்கு. இங்க ஒரு பொறி இருக்கு: 0-னு போட்டா "உடனே அணை"ன்னு அர்த்தம் இல்ல, "எப்பவும் அணைக்காதே"ன்னு அர்த்தம்!

ரெண்டாவது, இனிஷியலி சஸ்பெண்டட். இதை ட்ரூன்னு குடுக்கலைன்னா, உருவாக்கின உடனே மில்லு ஓட ஆரம்பிச்சுடும்.

மூணாவது, ஸ்டேட்மென்ட் டைம்அவுட். ஒரு குவெரி அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம்ங்கிற எல்லை. டீஃபால்ட் 1,72,800 விநாடி, அதாவது முழுசா ரெண்டு நாள். ஜாயின் கண்டிஷன் எழுத மறந்த ஒரு குவெரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட ஆரம்பிச்சா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதை யாரும் கேட்க மாட்டாங்க. பழகுறவங்களுக்கு 600 விநாடி தாராளம்.

நாலாவது, ரிசோர்ஸ் மானிட்டர். மாசத்துக்கு இத்தனை கிரெடிட்னு கோட்டா வெச்சு, 75 சதவீதம் போனா மெயில் அனுப்பு, 100 ஆனா நிறுத்துன்னு சொல்லலாம். நிறுத்துறதுல ரெண்டு வகை: ஓடுற குவெரி முடிஞ்சதும் நிறுத்துறது, பாதிலயே வெட்டி நிறுத்துறது. மானிட்டரை உருவாக்கினா மட்டும் போதாது, அக்கவுண்டுக்கோ வேர்ஹவுஸுக்கோ மாட்டி விடணும். இல்லைன்னா அது சும்மா இருக்கும். இன்னொண்ணு, அது வேர்ஹவுஸை மட்டும்தான் பார்க்கும். ஸ்னோபைப் மாதிரி சர்வர்லெஸ் வசதிகளோட செலவை அது தடுக்காது. அதுக்கு பட்ஜெட்ங்கிற தனி வசதி இருக்கு.

கேட்காத கேள்வி 3: எந்த ரோல்ல உட்கார்றீங்க?

ஸ்னோஃப்ளேக்ல அனுமதி பொதுவா ஆளுக்கு இல்ல, ரோலுக்கு. ரோலை ஆளுக்குக் குடுப்போம். ஒரு டேபிளை எந்த ரோல்ல இருந்து உருவாக்கினீங்களோ, அந்த ரோலுக்குத்தான் அது சொந்தம்.

எல்லாத்தையும் அக்கவுண்ட்அட்மின்லயே செஞ்சா முதல் வாரம் சொர்க்கம், எந்த எர்ரரும் வராது. ரெண்டாவது மாசம் டீம்ல புதுசா ஒருத்தர் சேருவாங்க. எல்லா டேபிளும் அக்கவுண்ட்அட்மினுக்கு சொந்தமா இருக்கும், அதை மாத்தி எழுதணும்னா அவங்களுக்கும் அந்த சாவிக்கொத்தையே தூக்கிக் குடுப்பீங்க. இப்படியே ஆறு பேர்கிட்ட சாவிக்கொத்து போயிடும். இதுல யாராவது ஒருத்தர் லேப்டாப்ல மால்வேர் இருந்தா, முன்னாடி சொன்ன 2024 கதைதான்.

வழி சுலபம். யூசர்அட்மின் ரோலுக்கு மாறி, டேட்டா டீமுக்குன்னு ஒரு புது ரோல் உருவாக்குங்க. அதை உங்களுக்கும் குடுங்க, சிஸ்அட்மினுக்கும் குடுங்க. சிஸ்அட்மினுக்குக் குடுக்க மறந்தா, அந்த ரோல்ல உருவாகிற எதுவும் சிஸ்அட்மின் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் சிஸ்அட்மின்ல இருந்து வேர்ஹவுஸும் டேட்டாபேஸும் உருவாக்கி, புது ரோலுக்கு அனுமதி குடுங்க. தினசரி வேலை எல்லாம் அந்தப் புது ரோல்ல. அக்கவுண்ட்அட்மினைத் தொடுறது பில், மானிட்டர் மாதிரி விஷயத்துக்கு மட்டும்.

ஒரு டேபிளைப் படிக்க ஒரு அனுமதி போதாதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். டேட்டாபேஸுக்குள்ள போக யூசேஜ், ஸ்கீமாவுக்குள்ள போக யூசேஜ், டேபிள்ல செலக்ட், அதோட ஓட்டுறதுக்கு வேர்ஹவுஸ்ல யூசேஜ். கேட், வாசல், பீரோன்னு ஒவ்வொண்ணா திறக்கிற மாதிரி. ஒண்ணு விட்டுப்போனாலும் உள்ள போக முடியாது.

வொர்க்ஸ்பேஸும் முதல் குவெரியும்

இப்பதான் வேலை பார்க்கிற மேஜைக்கு வர்றோம். ஸ்னோசைட்ங்கிற வெப் ஸ்கிரீன்ல, புராஜெக்ட்ஸ் மெனுவுல வொர்க்ஸ்பேஸ் இருக்கும். எஸ்க்யூஎல் ஃபைல், பைத்தான் ஃபைல், ஃபோல்டர் எல்லாம் வெச்சுக்கலாம். உங்க வொர்க்ஸ்பேஸ் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். டீமுக்குன்னா ஷேர்டு வொர்க்ஸ்பேஸ் இருக்கு, கிட்டோடயும் இணைக்கலாம். கிட்டுக்குப் போற ஃபைல்ல பாஸ்வேர்டோ கீயோ எழுதி வெக்காதீங்க, அவ்வளவுதான்.

குவெரி ஓட்டுறதுக்கு முன்னாடி ரோல், வேர்ஹவுஸ், டேட்டாபேஸ், ஸ்கீமா நாலும் சரியா செலக்ட் ஆகியிருக்கான்னு பாருங்க.

பழகுறதுக்கு டேட்டா தேட வேண்டாம். ஸ்னோஃப்ளேக் சாம்பிள் டேட்டாங்கிற டேட்டாபேஸ் இருக்கும். அதுல டிபிசிஎச் எஸ்எஃப் 1-ங்கிற ஸ்கீமாவை எடுங்க: 1.5 லட்சம் கஸ்டமர், 15 லட்சம் ஆர்டர். பக்கத்துலயே எஸ்எஃப் 1000 இருக்கும், அதே டேட்டா ஆயிரம் மடங்கு. எக்ஸ்-ஸ்மால் வெச்சு அதுல கை வெச்சீங்கன்னா மீட்டர் ஓடிட்டே இருக்கும்.

முதல் குவெரியா, ஆர்டர்ஸ் டேபிள்ல ஆர்டர் பிரயாரிட்டி வாரியா எத்தனை ஆர்டர்னு குரூப் பை போடுங்க. அஞ்சு வரி வரும். அதையே ஒரு எழுத்துகூட மாத்தாம திரும்ப ஓட்டுங்க. கண் சிமிட்டுற நேரத்துல வந்துடும், ஏன்னா முந்தின ரிசல்ட்டை 24 மணி நேரம் வெச்சிருக்கும். இந்தத் தடவை மில்லு ஓடவே இல்ல, காசும் இல்ல. குவெரி புரொஃபைலைத் திறந்து இந்த வித்தியாசத்தைப் பாருங்க. இன்டர்வியூல கேஷிங் பத்தி கேட்டா, படிச்சதைச் சொல்றதுக்குப் பதிலா பார்த்ததைச் சொல்லலாம்.

உங்க கேள்விகள் ரெண்டு

"டேபிள் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா 'இல்லை, அல்லது அனுமதி இல்லை'ன்னு எர்ரர் வருது. எது உண்மை?"

ரெண்டையும் ஒரே மெசேஜ்ல வேணும்னேதான் சொல்லுது. அனுமதி இல்லாதவங்களுக்கு "இருக்கு, ஆனா உனக்கு இல்ல"ன்னு சொன்னா, அப்படி ஒரு டேபிள் இருக்குங்கிற தகவலே வெளிய போயிடும். நடைமுறையில முதல்ல ரோலைப் பாருங்க. டேபிளை ஒரு ரோல்ல உருவாக்கிட்டு இன்னொரு ரோல்ல தேடிட்டு இருப்பீங்க. அப்புறம் பேரைப் பாருங்க. கோட்ஸ் இல்லாம எழுதின பேரை ஸ்னோஃப்ளேக் பெரிய எழுத்துக்கு மாத்திக்கும். கோட்ஸ் போட்டு சின்ன எழுத்துல உருவாக்கின டேபிளை, கோட்ஸ் இல்லாம கூப்பிட்டா வராது.

"30 நாள் முடிஞ்சா என்ன ஆகும்? எனக்கு பில் வருமா?"

30 நாளோ 400 டாலரோ, எது முதல்ல முடியுதோ அப்ப அக்கவுண்ட் சஸ்பெண்ட் ஆகும். பேமென்ட் விவரம் குடுக்காத வரைக்கும் பில் வராது. ஆனா நீங்க எழுதின எஸ்க்யூஎல் எல்லாம் உள்ளயே மாட்டிக்கும். அதனால முதல் நாள்லேர்ந்தே கிட்ல போட்டு வைங்க. அக்கவுண்ட் போனாலும் உங்க வேலை உங்ககிட்ட இருக்கும், வேலை தேடும்போது காட்டவும் ஆகும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

வரிசையா சொல்லிடறேன். ரீஜியனை யோசிச்சு எடுங்க. முதல் லாகின்லயே எம்எஃப்ஏ. அக்கவுண்ட் யூஆர்எல்லை எங்கயாவது எழுதி வைங்க, ரெண்டு வாரம் கழிச்சு அதைத்தான் தேடுவீங்க. ரிசோர்ஸ் மானிட்டர் உருவாக்கி, மாட்டி விடுங்க. எக்ஸ்-ஸ்மால் வேர்ஹவுஸ் ஒண்ணு, 60 விநாடி ஆட்டோ சஸ்பெண்ட், பத்து நிமிஷ டைம்அவுட். தனி ரோல் ஒண்ணு. கடைசியாத்தான் வொர்க்ஸ்பேஸும் குவெரியும். சைன்-அப்போட பத்து நிமிஷத்துக்கு மேல இதுக்கு ஒரு அரை மணி நேரம் ஆகும். நிறைய பேர் அந்த அரை மணி நேரத்தைத் தள்ளிப்போட்டுட்டு நேரா குவெரிக்குப் போயிடறாங்க.

அடுத்த எபிசோட்ல, உங்க லேப்டாப்ல இருக்கிற ஒரு சிஎஸ்வி ஃபைலை இதுக்குள்ள எப்படி ஏத்துறதுன்னு பார்ப்போம். ஸ்டேஜ், ஃபைல் ஃபார்மட், தேதி காலத்துல வர்ற தலைவலி எல்லாம் இருக்கு. அதுக்குள்ள அக்கவுண்ட் திறந்து தயாரா வைங்க. எங்கயாவது மாட்டிக்கிட்டா எர்ரர் மெசேஜை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க, அடுத்த தடவை சேர்ந்து பார்க்கலாம்.